மூன்றாம் பாட்டில் ஒரு வெடி

எங்களுக்கு ஒரு பாடகர் உண்டு. இங்கிலாந்துக்காரர். கண்ணிமையில் ஜிகினா, உடம்பில் வெள்ளித்தாளைப் போல மின்னும் சட்டை, காலில் ஒரு சாண் உயரச் செருப்பு. இந்தக் கோலத்தில் மேடையேறி ராக் பாடுவார். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும், தலையில் முடியும் உணவில் சர்க்கரையும் இல்லாத ஒருவன் அவருடைய ரசிகன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். முப்பது வருடமாகக் காத்திருந்து பழக்கம்தான்.

ரசிகர் மன்றத்தில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் சிவகாசி. ஒருவன் அச்சகம் வைத்திருக்கிறான். இன்னொருவன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். தயாரான வெடிகளில் சாம்பிள் எடுத்து வெடித்துப் பார்த்து, சத்தத்தைக் கேட்டே சரி, சரியில்லை என்று சொல்கிறவன். பெயர்களைப் போடவில்லை. போட்டால் வழக்குத் தொடர மாட்டார்கள், வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் வேதம் அந்தப் பாடகரின் மேடைக் கச்சேரி ஆல்பம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு வகுப்புத் தோழனிடம் இசைத்தட்டை ஒரே ஒரு நாள் இரவல் வாங்கி, நான்தான் கேசட்டில் பதிந்து கொண்டுவந்தேன். அதில் மூன்றாம் பாட்டு. பாடகர் ஒரு வரியை உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துவார். ஒரு மூச்சு இடைவெளி. ‘டமார்’ என்று ஒரு வெடி. பெண் ரசிகைகளின் அலறல். அதன் மேல் கிட்டார் வந்து விழும். மேடையில் வெடி வைத்து, அதை இம்மி பிசகாமல் பாட்டோடு சேர்த்த அந்த மேதைமையைப் பற்றி நான் ஒரு சிற்றிதழில் நான்கு பக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அந்த இதழ் அத்தோடு நின்றுபோயிற்று.

ஃபோர்மேன் மட்டும் முதல் நாளிலிருந்தே ஒரே பேச்சு.

“அது லண்டன் வெடி இல்லலே. நம்மூரு அணுகுண்டு. சணல் சுத்துனது. காயிதக் குழாயில அடைச்ச வெடி இப்பிடிக் கேக்காது.”

“ஆமாலே, சிவகாசியில இருந்து லோடு ஏத்தி லண்டன் மேடைக்கு அனுப்பிச்சாக” என்பான் அச்சகக்காரன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. காது சொல்லுது.”

அந்தக் காதை நாங்கள் படுத்திய பாட்டுக்கு அளவில்லை. அவன் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அடித்தபோதுகூட ‘லண்டன் ஏற்றுமதியாளர்’ என்று போட்டோம். அவன் ஒருநாளும் இறங்கி வரவில்லை.

போன மாதம் அவன் கம்பெனியில் சத்தம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கினார்கள். இனி அந்தக் கருவி காட்டுகிற எண்தான் கணக்கு. “நீங்க இனிமே செரமப்பட வேணாம்ணே” என்று மேனேஜர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மரியாதைதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆல்பத்தைச் சுத்தம் செய்து புது இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அச்சகக்காரன் அதை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டு மாடிக்கு எங்களைக் கூப்பிட்டான். அவன் மனைவி வந்து, “சாப்பிட்டீகளாண்ணே? இந்த வயசுலயும் ஜிகினாக்காரரை விட மாட்டீகளா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மூன்றாம் பாட்டு வந்தது. ஃபோர்மேன் கண்ணை மூடி, வழக்கம்போல ஆள்காட்டி விரலை உயர்த்தினான். பாடகர் வரியை நிறுத்தினார். விரல் இறங்கியது.

வெடி இல்லை. ஒரு மூச்சு மௌனம், பிறகு கிட்டார். அவ்வளவுதான்.

அச்சகக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “அடேயப்பா, வெடிச் சத்தம் முன்னைக்கு இப்ப எம்புட்டுத் துல்லியமா இருக்கு!” என்றான்.

ஃபோர்மேன் கண்ணைத் திறந்தான். “கேட்டுச்சா?”

“கேட்டுச்சே. ஏன், உனக்குக் கேக்கலையா?”

முப்பது வருடமாக எதற்கும் மல்லுக்கு நின்றவன், இதற்கு நிற்கவில்லை. வலது காதை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

“அப்ப மீட்டரு வாங்குனது சரிதாம்போல.”

அச்சகக்காரனின் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கோ வேறொரு சந்தேகம். கச்சேரியில் இல்லாத வெடி கேசட்டுக்குள் எப்படி வந்தது? அதற்குப் பதில் தெரியக்கூடிய ஒரே ஆள் நான்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் மிஞ்சும், ஃபோர்மேனின் காது போகும்.

“ரெண்டு பேரும் கேளுங்கலே. தட்டுல வெடியே இல்ல. இவன் சும்மா சொல்றான். இன்னொண்ணு. அந்தக் கேசட்டை நான் மதுரையில கடையில கொடுத்துப் பதியல.”

மதுரையில் பெரிய கடையில், பிளேயரிலிருந்து நேர் ஒயர் கொடுத்துப் பதிந்தது என்று முப்பது வருடமாகப் பீற்றியிருந்தேன். உண்மையில் கையில் பேருந்துக் கட்டணம்தான் இருந்தது. சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரத்தில் சித்தப்பா வீட்டில் ரெக்கார்டு பிளேயர் உண்டு. தட்டின் உறையைப் பார்த்த சித்தப்பா, “கண்ணுல பூசியிருக்கது அலுமினியப் பவுடரா?” என்று தொழில்முறையில் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் பட்டாசு வேலைக்குப் போனார். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, அதில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, வாசலில் காவல் நின்றேன். சித்தியை குக்கர் வைக்க விடவில்லை. உப்பு வண்டிக்காரரைத் தெருமுனையிலேயே மறித்தேன். நாயைத் துரத்தினேன். ஒரு சின்னச் சத்தம்கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டதாகச் சத்தியம் செய்வேன்.

பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடித்திருப்பார்கள். நாரணாபுரத்தில் அதையெல்லாம் யாரும் சத்தம் என்று எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

அச்சகக்காரன் பழைய கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டான். மூன்றாம் பாட்டு. இடைவெளி. ‘டமார்.’ பிறகு அந்த அலறல்.

“ஏலே, திருப்பிப் போடு” என்றான் ஃபோர்மேன்.

இரண்டாம் தடவை எங்களுக்கும் கேட்டது. நான் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க உருகி எழுதிய லண்டன் ரசிகைகள் அத்தனை பேரும் நாரணாபுரத்துக் காக்கைகள்.

ஃபோர்மேன் எழுந்து நின்றான். “நான் என்னலே சொன்னேன்? முப்பது வருசமா என்னலே சொன்னேன்?”

“சணல் சுத்துனது” என்றோம் இருவரும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளைப் போல.

“சரி, ஒத்துக்கிட்டோம். ஆனா புதுத் தட்டுதான் ஒரிஜினல். நம்மது டூப்பு” என்று அச்சகக்காரன் முனகினான்.

“எதுலே ஒரிஜினல்? அந்தாளு அங்கன எதுக்கு நிப்பாட்டுறாரு? வெடிக்கு எடம் விட்டு நிப்பாட்டுறாரு. லண்டன்ல உள்ளவனுக்கு அது வெளங்கல. புதுத் தட்டு சப்புன்னு இருக்கு.”

சொல்லிவிட்டு ஃபோர்மேன் கீழே இறங்கிப் போனான். சிவகாசியில் ஒரு அணுகுண்டுக்காக யாரும் கடைக்குப் போவதில்லை. அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்த பட்டாசுப் பெட்டியைத் திறந்து, இரண்டைக் கையில் உருட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, சிலவற்றைப் பொறுக்கிக்கொண்டான். எதிரே இருந்த காலி மனையின் நடுவில் ஒன்றை வைத்தான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நாங்கள் புதுத் தட்டை மறுபடி போட்டு, ஸ்பீக்கரை ஜன்னலுக்கு வெளியே திருப்பி வைத்தோம்.

மூன்றாம் பாட்டு தெருவில் இறங்கியது. திரி எரிய எத்தனை விநாடி ஆகும் என்பது அவனுக்கு விரல் நுனியில். பாட்டைக் கேட்டுக்கொண்டே குனிந்தான், பற்றவைத்தான், ஓடினான். பாடகர் வரியை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

‘டமார்.’

வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பின. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். “தீவாளிக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு, இப்பமே ஆரம்பிச்சிட்டீகளா?”

“லண்டன் ஆர்டரு தாயி. சாம்பிள் பாக்கோம்” என்றான் ஃபோர்மேன். பிறகு எங்களை அண்ணாந்து பார்த்தான். “எப்பிடிலே?”

“அரை செகண்டு முந்திருச்சு” என்றான் அச்சகக்காரன்.

“எனக்கும் கேட்டுச்சுலே” என்று சொல்லிவிட்டு, ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து அடுத்ததை எடுத்தான். “ஊசியத் தூக்கித் திருப்பி வையி.”