ஆளுக்கொரு ஸ்பீக்கர்

நெற்குப்பை என்கிற ஊரில் அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்த உடனேயே, ரிப்பேர் வேலைக்கு வந்த எங்கள் பையை வாங்கித் திறந்து, திருப்புளி, குறடு, ஈயக்கம்பி என்று ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துப் பார்த்தார் வீட்டின் மூத்தவர். "போறப்பவும் இதுதான் இருக்கணும். கூடக்கொறைய இருக்கக் கூடாது" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் எதற்கும் சிரிப்பார். நான் அப்படிப் பிறக்கவில்லை. குறைந்தால் எங்களுக்கு நஷ்டம், இவருக்கென்ன என்று நான் பொருமிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்து அறையிலிருந்து மூத்தவரின் தம்பி வந்தார். பரப்பி வைத்திருந்த அதே சாமான்களைக் குனிந்து தானும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அமராவதிபுதூர்ப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. என் கணவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டது. தண்ணீரில்லாத பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன் மதுரையில் ரேடியோ வேலை படித்திருந்தார். அதை நம்பிக் காரைக்குடியில் சின்னதாய் ஒரு கடை போட்டோம். கம்பிச் சுருள் சுற்றுவதும் காகிதம் ஒட்டுவதும் என் வேலை. பெரிய வீடுகளில் உள்கட்டு வரைக்கும் எங்களை விட்டார்கள் என்றால் அது பேரை நம்பித்தான். கை சுத்தமில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் போதும், அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற முடியாது. கடைக்கு வேறு முதல் எதுவும் கிடையாது.

அந்த வீட்டு அண்ணன் தம்பி பற்றி எங்கள் காதுக்கு எட்டிய கதை இதுதான். அவர்களுடைய அப்பா சிங்கப்பூரில் தொழில் செய்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஒரு பாட்டு செட் கொண்டுவந்தார். இடுப்பு உயரத்துக்குத் தேக்குப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர். அவர் போனபிறகு அறுபதுகளில் பாகப்பிரிவினை நடந்தது. இந்தப் பக்கத்து அறைகள் அண்ணனுக்கு, அந்தப் பக்கத்து அறைகள் தம்பிக்கு. நடுவில் இருக்கிற வளவு, அதாவது தூண் வைத்த முற்றம் மட்டும் பொது. பாட்டு செட்டையும் விடவில்லை. ஆம்ப்ளிபயர் மூத்தவருக்கு, பிளேயர் இளையவருக்கு, ஸ்பீக்கர் ஆளுக்கொன்று. ஒயர் ஒன்றுதான் இருந்தது. அதை அளந்து நட்ட நடுவில் வெட்டினார்கள். அன்றோடு அந்த வீட்டில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. அதே பிரிவினையில் வந்த ஏதோ மனத்தாங்கலில் இருவரும் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மூத்தவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் இந்த வளவில் உட்கார்ந்து அந்த செட்டில் நாகஸ்வரம் கேட்டவர்களாம். கல்யாணத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். வீடு இரண்டுபட்டுக் கிடப்பது சம்பந்திக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் வேற்றுமை இல்லை.

புதுச் சாமான் ஒன்றுகூட வாங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டிக்கு வாங்கினால் மற்றதுக்கும் வாங்க வேண்டும், அதை யார் போய் வாங்குவது என்று ஒரு தகராறு வரும். பெட்டிகளைக் கடைக்குக் கொண்டுபோகவும் கூடாது. வேலை முழுவதும் பொது வளவில், இரண்டு பேர் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

மூத்தவரின் ஸ்பீக்கர் நெல் அறையில் கிடந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்துதான் சத்தம் வரும். அந்தக் கூம்பின் ஓரத்தை எலி சுற்றிவரத் தின்றிருந்தது. இளையவருடையது ஒழுகுகிற அறையில் நின்று, கூம்பு நனைந்து தொங்கிப்போயிருந்தது. இரண்டையும் கழற்ற ஆரம்பித்ததுமே மூத்தவர் கையை நீட்டித் தடுத்தார்.

அந்த ஊர்களில் சீர் சாமான் எல்லாவற்றிலும் இனிஷியல் வெட்டி வைப்பார்கள். விசேஷ வீட்டில் கரண்டி மாறிப்போனாலும் எந்த வீட்டுக் கரண்டி என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரை வரவழைத்துவிட்டார்கள். ஸ்பீக்கரின் இரும்புச் சட்டம், பின்மூடி, திருகாணித் தலை என்று எதையும் விடாமல் அண்ணன் எழுத்தும் தம்பி எழுத்துமாக வெட்டச் சொன்னார்கள். உளி காந்தத்துக்குப் போனபோது என் கணவர் பதறிவிட்டார்.

"காந்தத்துல மட்டும் வேணாங்கய்யா. அடி விழுந்தா பலம் கொறஞ்சுபோகும்."

"ஏன், அதத்தான் மாத்தலாம்னு பாக்கிறியா?" என்றார் மூத்தவர்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்று இளையவர் தூணைப் பார்த்துச் சொன்னார்.

கடைசியில் காந்தத்தின் மேல் சிவப்புச் சாயத்தால் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "இவுக நம்ம மேல பழியத் தூக்கிப் போடத்தான் இத்தனையும் பண்றாக. வேல வேணாம், விட்டுருங்க" என்றேன். "பெரிய வீடு, அப்படித்தான் இருப்பாக" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

பட்டம் விடுகிற மெல்லிய காகிதத்தைக் கிழித்துக் கிழித்து, மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து, எலி தின்ற ஓரத்தை நான் அடுக்கடுக்காக வளர்த்தேன். தொங்கிப்போன கூம்பை ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து நிழலில் காயவைத்தேன். கூம்பைச் சட்டத்தோடு சேர்க்கிற வளையத்துக்கு மெல்லிய, நெகிழ்கிற துணி வேண்டும். என்னுடைய பழைய கறுப்புக் குடையைப் பிரித்தேன். இரண்டு வளையத்தையும் ஒரே குடையில்தான் வெட்ட வேண்டும் என்றார்கள். வெட்டினேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மீந்த துணியையும் இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். குடை என்னுடையது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

காந்த இடுக்கில் இருந்த இரும்புத் துருவைக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒற்றி எடுத்தார் என் கணவர். எக்ஸ்ரே பிலிமைக் கீற்றாக நறுக்கி, கூம்பின் அடியில் உள்ள கம்பிச் சுருளைச் சுற்றிச் செருகி, அது எங்கும் உரசாமல் நடுவில் நிற்க வைத்தார். உள் ஒயர்களை அவரே பற்றவைத்தார். எல்லாம் முடிந்ததும், ஆம்ப்ளிபயரிலிருந்து தம்பி ஸ்பீக்கருக்குப் போகிற அந்த வெட்டிய ஒயரின் இரண்டு பாதியையும் வளவின் நடுவில் நான் முறுக்கி இணைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பிளேயர் வந்தது, இந்தப் பக்கத்திலிருந்து ஆம்ப்ளிபயர் வந்தது.

மூத்தவர் ஸ்பீக்கரை மட்டும் போட்டார்கள். நாகஸ்வரமும் தவிலும் கணீரென்று வந்தன. இளையவருடையதை மட்டும் போட்டபோதும் அப்படியே. எனக்கு மூச்சு வந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் தவிலைக் காணோம். நாகஸ்வரம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"எம்பெட்டிச் சத்தத்த அங்குட்டு உள்ளது உறிஞ்சுது. உள்ள என்னத்த மாத்தி வச்ச?" என்றார் மூத்தவர்.

"என்னோடதுதான் போச்சு. அவுக பெட்டிக்கு எத எடுத்துக் குடுத்த?" என்று இளையவர் என் கணவரிடம் கேட்டார்.

பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்கள். ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. என் கணவர் ஒரு டார்ச் பேட்டரியை எடுத்து இரண்டு ஸ்பீக்கரின் ஒயரிலும் தொட்டுக் காட்டினார். அண்ணனுடைய கூம்பு முன்னால் துள்ளியது. தம்பியுடையது பின்னால் போனது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அதனால் ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது, யாராவது ஒருத்தர் பெட்டியில் ஒயரைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்பக் கோளாறு அவனோடதுல. அவனுத மாத்து" என்றார் மூத்தவர்.

"முன்னால துருத்துறதுதான் கோளாறு. எம்பெட்டியில கை வைக்கக் கூடாது" என்றார் இளையவர்.

"ரெண்டுலயும் கோளாறு இல்லைங்கய்யா. ஒண்ண மாத்துனாப் போதும், எதுன்னாலும் சரி."

"மாத்துறதுன்னா ரெண்டையும் மாத்து. அதுதான் நாயம்." இதை இளையவர் சொன்னார். மூத்தவரும் நியாயம் என்று தலையசைத்தார்.

என் கணவர் மறு பேச்சில்லாமல் இரண்டையும் திருப்பிப் போட்டார். இப்போது அண்ணனுடையது பின்னால் போனது, தம்பியுடையது முன்னால் வந்தது. தவில் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். என் கணவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையும் இவர் முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒயர் இணைத்த இடத்துக்குப் போய், "இது யாரு பங்கு?" என்று கேட்டேன்.

"அது வளவு. பொது" என்றார் மூத்தவர்.

"அப்பப் பொதுவுல மாத்துறேன். உங்க பெட்டியிலயும் கை வைக்கல, அவுக பெட்டியிலயும் கை வைக்கல." முறுக்கைப் பிரித்து, இந்தக் கம்பியை அதிலும் அந்தக் கம்பியை இதிலும் மாற்றி முறுக்கினேன்.

தவில் வந்தது. தூணெல்லாம் அதிர்வது போல வந்தது. பாட்டு முடிந்ததும் மூத்தவர் தம்பியின் பக்கம் நேராகத் திரும்பினார்.

"பாத்தியாடா? வெறும் ஒயரு. இத வச்சுக்கிட்டு நம்மள இம்புட்டு நேரம் ஆட்டி வச்சிருக்கான். வேணும்னே பண்ணியிருக்கான்."

"எனக்கு மொதல்லயே தெரியும்ண்ணே. எதையோ உருவப் பாத்திருக்கான், முடியல. இனிமே இவன உள்ள சேக்காதீக."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். எங்கள் பையைச் சோதித்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். "நம்மளக் கள்ளனாக்கிட்டாக. என் கொடையையும் கிழிச்சுக் குடுத்துட்டு வாரேன். நீங்க சிரிச்சுக்கிட்டே வாரீக?"

"ரெண்டு பேரும் பேசிட்டாகல்ல."

"நம்மள வையப் பேசுனாக."

"எதுக்கோ, பேசுனாகல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உள்ள ஒயர நாந்தான் மாத்திப் பத்தவச்சேன் புள்ள. தெரிஞ்சுதான். யாராச்சும் ஒருத்தர் எறங்கி வந்து, சரி என்னோடத மாத்துன்னு சொல்லுவாகன்னு பாத்தேன். நீ அவசரப்பட்டு நடுவுல மாத்திட்ட."

அவர் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. பஸ்ஸில் ஆள் இருந்ததால் சும்மா இருந்தேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்ததாம். சம்பந்தி வீட்டார் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போனார்களாம். நெற்குப்பையிலிருந்து கோவிலூர் வரை எங்களைப் பற்றிய பேச்சு பரவி, அந்த ஆடி மாதத்துக்குள் கடையை மூடினோம். என் கணவர் ஒரு அரிசி மில்லில் மோட்டார் பார்க்கும் வேலைக்குப் போனார். குழாயடியிலும் சந்தையிலும் நான் சண்டை போடாத ஆள் இல்லை. ஒரு திருகாணியைக்கூட என் புருஷன் மாற்றவில்லை என்று யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்வேன். வேண்டுமென்றே செய்தாராமே என்று யாராவது கேட்டால் மட்டும், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.