ஆமையின் கண்ணில் குங்குமம்

இலங்கை மலைநாட்டில் எங்கள் பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்திய ஆண்டு, புரட்டாசி மாதம். எங்கள் துணிக்கடை வாசல் தொட்டியில் நான் வளர்த்த ஆமை, கண்கள் வீங்கி மூடி, இரை எடுக்காமல் கிடந்தது. காரணம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அதைக் கூர்மாவதாரம் என்று கும்பிட்டு, தலையில் குங்குமம் வைத்தார்கள். அது கரைந்து தண்ணீரே சிவந்திருந்தது.

சாமி காரியத்தைத் தடுத்தவன் என்ற பேருக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். ஆமை பிழைக்காது என்று தோன்றிய சனிக்கிழமை, குங்குமத்தோடு குனிந்த ஓர் அம்மாளிடம் மெல்லச் சொன்னேன்: "அம்மா, குங்குமம் பட்டு அதுக்குக் கண்ணு தொறக்க முடியலைங்க."

அவர் நிமிர்ந்து முறைத்தார். "ஏன் மொதலாளி, சாமிக்குக் கண்ணெரியுதுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காமயா இருந்தீங்க? நல்ல ஆளுங்க நீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரே சேலையை இழுத்துச் செருகி, தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பினார். "இனிமே தூர நின்னு கும்பிடுங்கடி!" என்று மற்றவர்களுக்கு உத்தரவும் போட்டார்.

ஐப்பசியில் ஆமை கண் திறந்து, அவர் இலையில் மடித்துக் கொண்டுவந்த நத்தையைக் கவ்வியது. "படையல ஏத்துக்கிச்சு," என்றார் அம்மாள்.

கோபித்துக்கொள்வார்கள் என்று நானாகவே நினைத்து, எத்தனை பேரிடம் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறேனோ! இப்போது சொல்லிப் பார்த்துவிடுகிறேன். பெரும்பாலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.