ஹவில்தார் சுடலைக்கண்ணனின் சொந்த ஊர்

சுடலைக்கண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் மும்பை தாராவியில், என் தோல்பைப் பட்டறைக்கு நேர் எதிர் வீட்டில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத்தான் எவனும் நம்ப மாட்டேன் என்கிறான்.

நான் ஜெயினுலாப்தீன். அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பட்டாளம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். அதிலும் தமிழ்ப் பையன்கள் சேரும் படைப்பிரிவில்தான் சேருவேன் என்று அடம். அதற்குத் தமிழ்நாட்டு முகவரி வேண்டும். எங்கள் சந்தில் நாலைந்து பேர் செய்ததையே அவனும் செய்தான். நாங்குநேரிப் பக்கம் அப்பாவின் ஊருக்கு ரயிலேறிப் போய், சித்தப்பா வீட்டு முகவரியில் சான்றிதழ் வாங்கிச் சேர்ந்துவிட்டான். அந்த ஊரில் அவன் மொத்தமாக இருபது நாள் தங்கியிருந்தால் அதிகம்.

பதினெட்டு வருஷத்தில் ஹவில்தார் ஆனான். தன் ஆட்களுக்கு லீவுப் பட்டியல் எழுதுவது அவன் வேலை. தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவான். மகள் ஹரிதா பிறந்தபோதுகூட வரவில்லை.

"கூறுகெட்டவனே, ஒனக்கு மட்டும் குடும்பம் இல்லியாலே?" என்று போனில் கத்தினேன்.

"சின்னப் பயலுவ, பாவம்லே" என்றான்.

போன ஜனவரியில் மலைமேல் இருந்த அவர்கள் காவல் சாவடி மீது பனி சரிந்தது. இரண்டு பையன்களை இழுத்து வெளியே போட்டான். மூன்றாவது பையனுக்காகத் திரும்பப் போனான். அவ்வளவுதான்.

உடலை எங்கே கொண்டுவருவது என்று பட்டாளத்தார் கேட்டார்கள். எங்கள் சந்தில் சவப்பெட்டி திரும்பாது. எதிரே ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சான்றிதழில் உள்ள ஊருக்கே போகட்டும், துப்பாக்கி முழங்க மரியாதையாக நடக்கட்டும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்தான். அவன் மனைவி இசக்கி தலையாட்டினாள். இசக்கி வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினால், கதவில் நோட்டீஸ். தாராவியைப் புதிதாகக் கட்டுவதற்காக இடிக்கப்போகும் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள், 'குடியிருப்போர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கணக்கில் ஏறாவிட்டால் மாற்று வீடு கிடையாது.

இசக்கியையும் ஹரிதாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். லைட் பில் எல்லாம் என்றைக்கோ செத்துப்போன அவன் அப்பா பெயரில் இருந்தது. வீரமரணம் என்று தெரிந்தால் மனம் இளகாதா என்று தமிழ்ப் பேப்பர் கட்டிங்கை மேஜையில் வைத்தேன்.

"க்யா லிக்கா ஹை?" என்றார் அதிகாரி, என்ன எழுதியிருக்கிறது என்று. அவருக்குத் தமிழ் தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வரி விடாமல் இந்தியில் சொன்னேன். ஹவில்தார் சுடலைக்கண்ணன், சொந்த ஊரில், அரசு மரியாதையுடன் நல்லடக்கம்.

அவர் பேனாவை மூடினார். பட்டாளத்து முகவரி அங்கே, அடக்கமும் அங்கே, சொந்த ஊர் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு இங்கே எதற்கு வீடு என்றார்.

"பப்பா யஹீ கே தே, சார்!" அப்பா இந்த ஊர்க்காரர்தான் என்று ஹரிதா அழுதுகொண்டே கத்தினாள். அவர் அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார்.

சீ, என்ன ஜென்மங்கள்! அவனை மண்ணின் மைந்தன் என்று சந்து முனையில் பேனர் கட்டியவர்களில் ஒருவன்கூட எங்களோடு வரவில்லை. ஆனால் அவர்களைத் திட்டி என்ன? அந்தப் பேப்பரை நீட்டியது என் கை.

வெளியே வந்ததும் இசக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, பெட்டி திரும்பாட்டா என்ன, தோள்ல தூக்கியாவது அவுகள இங்க கொண்டாந்திருக்கணும். இங்கன பொதைச்சிருந்தா, எங்கள இந்த ஊர்க்காரவுகன்னு சொல்லியிருப்பாவல்லா?"