ஏட்டையாவின் ஏழாவது கேஸ்

பெங்காலிக்காரர்கள் ஊரில், லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஞாயிறு மதியம் தமிழ் நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒரு தட்டு முழுக்க ஒரே ஆள் எழுதிய துப்பறியும் கதைகள். மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் துப்பறிவது ஓர் ஏட்டையா. கடைசிவரை பிரமோஷன் கிடைக்காதவர்.

ஆறு முடித்திருந்தேன். ஏழாவதை எடுத்தபோது, நூலகம் பார்த்துக்கொள்ளும் மேடம் சொன்னார்.

“அண்ணா, இந்தத் தட்டை நீங்க ஒருத்தர்தான் தொடறீங்க. பசங்க தமிழ் க்ளாஸ் புக்ஸ் வைக்க இடமில்ல. இதெல்லாம் பழைய பேப்பர்ல போட்டுடலாம்னு கமிட்டில சொல்றாங்க.”

“நல்ல புக்கு மேடம்.”

“படிச்சுட்டு வந்து சொல்லுங்க. உண்மையாவே நல்லா இருந்தா நான் சண்டை போடறேன்.”

தினமும் மதியப் பந்தி முடிந்ததும் படித்தேன். நன்றாக இல்லை. முப்பதாம் பக்கத்திலேயே அண்ணனைக் கொன்றது தம்பி என்று தெரிந்துவிட்டது. ரசத்தில் பூச்சிமருந்து கலந்தானாம். செத்தவர் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். அந்த வாடை எந்த ரசத்திலும் மறையாது. ஏட்டையாவுக்குப் பாதிக் கதை காய்ச்சல். படுத்துக்கொண்டே போனில் விசாரிக்கிறார். எழுதியவருக்கும் காய்ச்சலோ என்னவோ.

கடைசிக்கு முந்தின பக்கம் வேறு மாதிரி இருந்தது. தம்பியை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை. மழை வருகிறது. ஏட்டையா திரும்பிப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கிறார். மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். மூன்று தடவை படித்தேன். பெரிய எழுத்துக்காரர்தான்.

பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேடம் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

“இது சுமார் மேடம். கொலைகாரன் முன்னாடியே தெரிஞ்சுடுறான்.”

“ஐயோ அண்ணா, உங்களை நம்பித்தானே இருந்தேன்! அப்ப போட்டுடலாமா?”

“வேணாம். ஒரு நாள் சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாச்சுன்னு மெஸ்ல என்னைத் தொரத்தலையே.”

“ஒரு நாளா? எங்க ஆபீஸ் பெங்காலி பாபு அங்கதான் சாப்பிடறார். அவர் வேற கணக்கு சொல்றாரே!”

நான் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். நின்றபடியே படித்தார். வாசலில் அவருக்காக வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. நிமிரவில்லை.

“மத்ததெல்லாம் இதைவிட நல்லா இருக்குமா?”

“இருக்கும்.”

ரிஜிஸ்டரில் தன் பெயரை எழுதி, முதல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கமிட்டில பேசறேன். தோத்துட்டா இத்தனையும் உங்க மெஸ்லதான் வெச்சுக்கணும்.”

“வெச்சுக்கறேன்.”

மெஸ்ஸுக்குத் தூக்கிப் போகும் வேலை வரவில்லை. தட்டு அங்கேயேதான் இருக்கிறது. நான் எட்டாவது படிக்கிறேன். நன்றாக இருக்கிறது. மேடம் மூன்றாவதில் இருக்கிறார். கொலைகாரன் யார் என்று நான் வாய் திறக்கக் கூடாதாம். நான் எங்கே பேசப்போகிறேன்.