பளபளத்த கதவு

ஜாபெஸ் பொல்லார்டைப் பற்றி எழுத எனக்கு மனசே இல்லை. ஆனால் போர்ட்ஸ்மவுத்தில் அவனை ஏதோ தியாகி மாதிரிப் பேசுகிறார்கள். அன்றைக்குக் கொதிகலன் அறையில் இருந்தவன் நான், அவர்கள் இல்லை.

எங்கள் ‘பெலிசேரியஸ்’ ஒன்பது அங்குல இரும்புக் கவசம் போட்ட போர்க்கப்பல். எந்தக் குண்டும் துளைக்காது என்று பீற்றிக்கொண்டார்கள். துளைத்துப் பார்க்கத்தான் ஒரு எதிரியும் வரவில்லை. பீரங்கிப் புகையில் வெள்ளைப் பெயிண்ட் கறுத்துவிடும் என்று, பயிற்சிக் குண்டுகளைச் சுடாமலே கடலில் கொட்டச் சொல்வார் எங்கள் கேப்டன். அட்மிரல் வந்து வெள்ளைக் கையுறையால் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பார். அதுதான் நாங்கள் கண்ட யுத்தம்.

அந்த யுத்தத்தில் ஜாபெஸ் மகாவீரன். கீழ்த்தளத்தைத் துலக்கும் ஆட்களுக்கு அவன்தான் தலைவன். கொதிகலன் அறைக்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு இருந்தது. கப்பலின் முன்பக்கம் ஓட்டையானால் அதை மூடித்தான் நாங்கள் உயிர் பிழைக்க வேண்டும். அந்தக் கதவின் விளிம்பை ஆறு வருஷம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினான். பதவி உயர்வு கிடைக்கும் என்ற நப்பாசை.

கரி தள்ளும் சைலஸ் கப் ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

“அண்ணே, கதவ மூடினாலும் இடுக்குல என் நகம் போவுது. இனிமே தேய்க்காதீங்க.”

“போடா கரிமூஞ்சி. அழகப் பத்தி உனக்கென்ன தெரியும்? கைய எடு, கறை படியுது.”

அந்த ஆகஸ்டில் அணிவகுப்புப் பயிற்சி. எதிரி கிடைக்காத குறைக்கு, எங்கள் பக்கத்துக் கப்பலே, தண்ணீருக்கடியில் நீட்டியிருக்கும் தன் இரும்பு இடிமூக்கால் எங்கள் முன்பக்கத்தைக் கிழித்தது. பெருமைக்குரிய கவசம் மேலே இருந்தது, மூக்கு அதற்குக் கீழே புகுந்தது. கதவை மூடித் தாழிட்டோம். விளிம்பு முழுக்கத் தண்ணீர் பீச்சியடித்தது. ஜாபெஸ் ஓடிவந்து கோட்டைக் கழற்றித் திணித்தான். பிறகு கம்பளி. கடைசியில் முதுகைக் கொடுத்து நின்றான்.

தண்ணீர் ஏறுமுன் அடுப்புகளின் நெருப்பை வெளியே இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொதிகலன் வெடிக்கும். கடைசி அடுப்பு சைலஸுடையது. அவன் இழுத்து முடிக்குமுன் தண்ணீர் நெருப்பைத் தொட்டது, ஆவி அவனை அவித்துவிட்டது. கப்பலைக் கரைசேர்த்தார்கள். சைலஸ் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

புதுக் கதவு வந்தது, மங்கலான சாம்பல் நிறத்தில். அட்மிரலும் வந்தார்.

“இது ஏன்யா பளபளக்கல?”

“தேய்க்க மாட்டேன் ஐயா,” என்றான் ஜாபெஸ்.

“என்ன சொன்னே?”

“தேய்ச்சுத் தேய்ச்சே ஒருத்தனக் கொன்னுட்டேன் ஐயா. போதும்.”

அன்றோடு அவன் வேலை போயிற்று. இப்போது கடைத்தெரு முனையில் வேகவைத்த கடல்நத்தை விற்கிறான். கத்தி துருவேறிக் கிடக்கும், துடைக்கவே மாட்டான். இதைத்தான் தியாகம் என்கிறார்கள். ஞாயிறுதோறும் அவனிடம் வாங்கித் தின்கிறேன். ஆனால் இன்னும் மன்னிக்கவில்லை.

அவன் போன மறுவாரமே வேறொருவன் உப்புத்தாளோடு கீழே இறங்கினான். போன மாதம் அட்மிரல் அந்தக் கதவில் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டாராம். அதன் பின்னால் இப்போது என் தம்பி ஆமோஸ் கரி தள்ளுகிறான்.