கல்லுளிமங்கன் விற்ற கல்

எதைக் கேட்டாலும் வாய் திறக்காதவனைத்தான் கல்லுளிமங்கன் என்பார்கள். ஆனால் இந்தக் கல்லுளிமங்கன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்த காலத்தில், ஒரு ஜோடி வாங்க வந்தவரை மூன்று ஜோடியோடும், மழைக்கு ஒதுங்கியவரை ஒரு ஜோடியோடும் அனுப்பி வைத்தவர். பிற்பாடு அவர் கல் விற்கக் கிளம்பியபோது, கூட வேலை பார்த்தவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. நாளடைவில் கேலி கழன்று பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் கல் அவரிடம் வந்தது ஒரு ஷூவின் வழியாக. "தோல் கெட்டுப்போயிடுச்சு, மாத்திக் குடுங்க" என்று ஒருவர் திருப்பிக் கொடுத்த ஷூ. கெட்டுப்போனது தோல் அல்ல என்பது கடையில் இருந்த எல்லோருக்கும் ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது. ஏதோ கம்பெனிக்காரர் மாதிரிக்கு விட்டுப்போன சின்னத் துணிமுடிச்சுகள் மேசை இழுப்பறையில் கிடந்தன. உள்ளே பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பொடிக்கல். காலுக்கு ஒன்றாகப் போட்டு மூலையில் வைத்தார். இரண்டு நாள் கழித்து, துணிந்து மூக்கை உள்ளே விட்டார். தோல் வாசனை தவிர வேறொன்றும் இல்லை. ஞானம் வருவதற்கு ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். இவருக்கு ஷூவுக்குள்.

கல்லின் பெயர் ஜியோலைட். எரிமலை கக்கிய சாம்பல் தண்ணீரோடு சேர்ந்து, யுகம் யுகமாகக் கிடந்து இறுகிய சரக்கு. கையில் எடுத்தால் சாதாரண ஜல்லிதான். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில், தேனடை மாதிரி அறை அறையாக ஓட்டை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொழுவத்திலும் கோழிக்கொட்டகையிலும் கண்ணை எரிக்கிற அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். செடித்தொட்டி மண்ணில் கலந்தால் தண்ணீரையும் உரத்தையும் வைத்திருந்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இவ்வளவு குணமுள்ள ஒன்று ஷூவுக்குள் ஒளிந்துகிடப்பது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. வேலையை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியிடம் ஏஜென்சி எடுத்துக்கொண்டார்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர். நாள் முழுவதும் வாயைத் திறந்துகொண்டிருப்பவர்களையே பார்த்துப் பழகியதால் கணவரைச் சகித்துக்கொள்ள முடிந்தது. "மூட்டைய எங்க வைக்கிறதா உத்தேசம்?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் காலி இடம் இருந்தது ஒரே ஓர் அறையில். அதில் மாமியார் இருந்தார்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்குப் பொன்னு கொண்டு வர்றான். எங்க மாப்பிள்ளை கல்லு கொண்டு வர்றாரு" என்றார் மாமியார், கட்டிலைச் சுற்றி எழும்பிய மூட்டைகளைப் பார்த்து.

"அத்தை, இந்த ரூம்ல இனிமே ஈர நாத்தமே வராது பாருங்க."

"இதுவரைக்கும் எப்போ வந்துச்சு?"

வியாபாரம் நன்றாகவே போனது. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. நன்றாகச் சூடேற்றிக் காயவைத்த பொடியை எதிராளியின் உள்ளங்கையில் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார். கை சுடும். "பாத்தீங்களா? எரிமலையோட சூடு இன்னும் உள்ளயே இருக்கு!" உலர்ந்த கல் தண்ணீரை உறிஞ்சும்போது சூடு பிறக்கும், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் உறிஞ்சுகிற கதைக்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை; எரிமலைக்குப் பிளந்தார்கள்.

இரண்டாவது வித்தை முடிவுரை. "ஒருதடவ போட்டுட்டுத் தூக்கி எறியாதீங்க. உப்புத் தண்ணில ஊற வைங்க. புடிச்சு வச்சதையெல்லாம் விட்டுடும். அலசித் திரும்பவும் போடலாம்." இதைக் கோழிப்பண்ணையிலும் குதிரை லாயத்திலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னார். சொன்னது முழுக்க உண்மை.

மூன்றாவது வித்தைதான் வினை. "இதுக்கும் ஆகுமா?" என்று யார் எதைக் கேட்டாலும் "ஆகும்" என்பார். ஆகாது என்ற சொல்லைச் செருப்புக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ். அதன் முதலாளியம்மா வாசல் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்த்தார். அதில் பெரியதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "திங்கிறது, முறைச்சிக்கிறது, இது ரெண்டும்தான் தெரியும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்பார். தண்ணீர் சீக்கிரம் கெடுகிறது, மீன் சோர்ந்துபோகிறது என்று அவர் குறைப்பட, கல்லுளிமங்கன் வடிகட்டிக்குள் ஒரு பை கல்லைப் போட்டுக் கொடுத்தார். மீன்கள் தெளிந்துவிட்டன. மாப்பிள்ளை முன்னைவிட அதிகமாக முறைத்தது. முதலாளியம்மா அறை கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் முதலில் தொட்டியைக் காட்டி, பிறகுதான் சாவியைக் காட்டினார்.

சில மாதம் கழித்து மீன்களின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. "இதுக்கும் ஏதாவது ஆகுமா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அதுக்கென்னம்மா, கல்லுப்பு போடுங்க. புள்ளியெல்லாம் ஓடிடும்" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். அதுவும் உண்மைதான். மீன் வளர்க்கிற பலரும் செய்வதுதான்.

மறுநாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமியார் எடுத்தார்.

"மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குதும்மா! வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு! போயிடுவாரு போல இருக்கு, சீக்கிரம் வரச் சொல்லுங்க!"

மாமியார் வைத்த கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "அய்யோ, எம் பொண்ணு வாழ்க்கை போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தவர் முன்னால், வாயெல்லாம் நுரையோடு வந்து நின்றார் மாப்பிள்ளை. நுரையைப் பார்த்ததும் மாமியாருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. மனைவி போனை வாங்கி, விஷயத்தைக் கேட்டு, "மீனும்மா, மீனு" என்று விளக்கிவிட்டுக் கணவரைப் பார்த்தார். "கொப்புளிச்சிட்டுப் போங்க."

லாட்ஜில் தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. மேல்மட்டத்தில் மீன்கள் எல்லாம் வாயைப் பிளந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. இரண்டு ஏற்கெனவே மல்லாந்துவிட்டன.

"நேத்து சாயங்காலம் நீங்க சொன்ன மாதிரியே உப்பு போட்டேன். தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கு. அப்புறம் ஏங்க?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"அது ஒண்ணும் இல்லம்மா. இந்தக் கல்லு இருக்கே, இத உப்புத் தண்ணில ஊற வச்சா, புடிச்சு வச்சதையெல்லாம்..."

அங்கே நின்றுவிட்டது. ஆயிரம் முறை தடையில்லாமல் ஓடிய வாக்கியம், நட்டநடுவில் கல்லாய் நின்றது. மீன் கழிவிலிருந்து மாதக்கணக்கில் விழுங்கிச் சேர்த்த அம்மோனியாவை அந்தக் கல் ஒரே இரவில் தொட்டிக்குள் கக்கியிருந்தது. அவர் சொன்னபடியேதான் நடந்திருந்தது. பட்டம் கொடுத்தவர்கள் அப்போது பார்த்திருந்தால் திருப்தி அடைந்திருப்பார்கள்: திறந்த வாய் மூடவில்லை, சொல்லும் வரவில்லை.

"வேற தண்ணிக்கு மாத்தணும். உடனே" என்றார் கடைசியில்.

லாட்ஜுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? அறை கூட்டும் அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "மேல மூணாம் நம்பர்ல குளிக்கிற தொட்டி இருக்குல்ல?"

மூன்றாம் எண்ணில் ஒரு பயணி பாதி முகம் சவரம் செய்திருந்தார். கதவைத் திறந்ததும் வாளியும் கையுமாக மூன்று பேர் உள்ளே நுழைந்தார்கள். "மன்னிச்சிக்கங்க சார், மாப்பிள்ளை உடம்புக்கு முடியல" என்றார் முதலாளியம்மா, மூச்சிரைக்க. பயணி பதறி விலகி வழிவிட்டு, எட்டி எட்டிப் பார்த்து, "பொண்ணு வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

கல்லுளிமங்கன் குளியல் தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, சட்டை நனைய நனைய, குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். காற்று சேரட்டும் என்று. கை கடுத்தது. சின்ன மீன்களில் இன்னொன்றும் போயிற்று. மத்தியானம் சாய்கிற நேரத்தில் மாப்பிள்ளை செவுளை ஒழுங்காக அசைத்தது. பிறகு அடியில் இறங்கி, திரும்பி, அவரை முறைத்தது.

அவர் எழுந்து முதலாளியம்மா பக்கம் வந்தார். "கல்லப் பத்தி நான் சொன்னதும் சரி. உப்பப் பத்திச் சொன்னதும் சரி. ரெண்டும் ஒரே தொட்டிக்குள்ள இருக்குன்னு யோசிக்காம சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. என் தப்பு."

முதலாளியம்மா இறந்த மீன்களை ஒரு துண்டில் எடுத்து வைத்திருந்தார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். அவர் திட்டவில்லை. "எல்லாத்துலயும் அந்தக் கல்லப் போட்டீங்க. உங்க வாயில கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு அவர் 'ஆகாது' என்று சொல்லக் கற்றுக்கொண்டார். வயதான காலத்தில் சைக்கிள் பழகுகிறவர் மாதிரி, முதலில் தடுமாறித்தான் சொன்னார். கோழிக்கொட்டகை வாடைக்கு ஆகும். கோழிச் சளிக்கு ஆகாது. செடித்தொட்டிக்கு ஆகும், காய்ந்துபோன செடிக்கு ஆகாது. கை சுடுகிற வித்தையைக் காட்டினாலும், அது எரிமலைச் சூடு இல்லை என்பதையும் கூடவே சொன்னார். வியாபாரம் படுத்துவிடும் என்று மனைவியிடம் எச்சரித்தும் வைத்தார்.

படுக்கவில்லை. ஆகாது என்று சொல்கிற வியாபாரியை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால் அவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். மாமியாரே ஒருநாள் முழங்காலில் துணிமுடிச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, வலிக்கெல்லாம் அது கேக்காது."

"வெளியாளுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லாதீங்க மாப்பிள்ளை. பாதி வலி போயிடுச்சு."

போன வாரம் தலையில் ஒரு முடிகூட இல்லாத பாத்திரக்கடைக்காரர் தேடி வந்தார். முடி வளர இந்தக் கல்லை அரைத்துப் பூசலாமாமே என்றார்.

"முடிக்கு ஆகாதுங்க. சத்தியமா ஆகாது. செடித்தொட்டிக்கு வேணும்னா வாங்கிக்குங்க."

வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரிங்க, புரியுது. தொட்டிக்குன்னே வச்சுக்குவோம்."

கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒரு மூட்டையை வாங்கி வழுக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி உற்சாகமாக நடந்தார்.