சாமிக்குப் படைத்த சிப்ஸ்

காலையில் ஐந்தருவிப் பக்கம் ஒரு குரங்கு செத்துக் கிடப்பதாக போன் வந்தது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு என்ன நோய் வருகிறது என்று ஆராய்வதுதான் கால்நடை மருத்துவனான என் வேலை. அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்று பையைத் தூக்கிக்கொண்டு தென்காசியிலிருந்து ஓடினேன்.

நான் போவதற்குள் கடைக்காரர்கள் அதைக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, குழியும் வெட்டிவிட்டார்கள்.

"அரை மணி நேரம் குடுங்க அண்ணாச்சி. வயித்த மட்டும் பாத்துட்டுத் தந்துருதேன்" என்று சிப்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சினேன்.

"என்ன டாக்டர், சாமியப் போயி அறுக்கணும்ங்கீய?"

போன வாரம் இதே குரங்கை "சனியனே" என்று கம்பால் விரட்டியவர் அவர்தான்.

"மத்த குரங்கும் சாகக் கூடாதுன்னுதான் கேக்கேன்."

"அதெல்லாம் சாமி பாத்துக்கிடும்."

புதைத்துவிட்டார்கள். எதனால் செத்தது என்பதும் அதோடு மண்ணுக்குள் போனது.

அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துவந்து குழிமேல் வைத்துக் கும்பிட்டார். "அதுக்கு இதுன்னா உசுரு" என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

நான் வண்டியை எடுப்பதற்குள், வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு இறங்கி வந்து பாக்கெட்டைத் தூக்கியது. பிளாஸ்டிக் கவரோடு சேர்த்தே கடித்துத் தின்றது. மிச்சக் கவரைக் குட்டி நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பூமாலை யாருக்கு என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது பூக்கடைக்குப் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுவீர்களா, குற்றாலத்துக்காரர்களே?